ஏற்றிவிட லிஃப்ட் கிடைக்கும்... இறக்கிவிட? மலையில் ஹிட்ச்ஹைக்கிங் போகும்முன் தெரிய வேண்டியவை

இரவு 2 மணி. சுமார் 4,300 மீட்டர் உயரத்தில் ஒரு டென்ட். வெளியே தண்ணீர் பக்கெட்டின் மேல் ஐஸ் படிந்திருந்தது. பக்கத்துப் படுக்கையில் இருந்த அக்கா மூன்றாவது முறையாக எழுந்து வாந்தி எடுக்கப் போனார். டார்ச் அடித்துக்கொண்டே பின்னால் போனேன். நாலு அடி வைப்பதற்குள் இரண்டு முறை பக்கவாட்டில் தள்ளாடினார்.

"ஒண்ணுமில்லடி, தூக்கக் கலக்கம்" என்றார்.

அந்த நேரத்தில் என் தலையில் ஓடியது ஒரே கேள்விதான்: இங்கிருந்து எப்படிக் கீழே போவது? எங்களிடம் வண்டி இல்லை. போனில் சிக்னல் இல்லை. மதியம் எங்களை இலவசமாக ஏற்றிவந்து விட்ட கார், சாயங்காலமே கிளம்பிப் போய்விட்டது.

இது ஹிமாச்சலப் பிரதேசத்தின் சந்திரதால் ஏரிக்குப் பக்கத்தில், ஒரு செப்டம்பர் மாதம் நடந்தது. இன்ஸ்டாவில் "ஜீரோ பட்ஜெட் ஸ்பிட்டி", "லிஃப்ட் கேட்டே இமயமலை" என்று ரீல்ஸ் பார்த்துவிட்டு லீவுக்கு அப்ளை செய்யும் ஆளா நீங்கள்? அப்படியென்றால் இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான். போகாதீர்கள் என்று சொல்லப்போவதில்லை. நானே திரும்பப் போனேன். ஆனால், அந்த ரீல்ஸில் வராத ஒரு கணக்கு இருக்கிறது.

ஸ்பிட்டி எங்கே இருக்கிறது?

ஹிமாச்சலின் வடகிழக்கில், திபெத் எல்லையை ஒட்டி இருக்கும் குளிர்ப் பாலைவனம்தான் ஸ்பிட்டி பள்ளத்தாக்கு. முக்கிய ஊர் காஸா. உயரம் சுமார் 3,650 மீட்டர். ஊட்டியைவிட ஒன்றரை மடங்குக்கும் மேல். மழை மிகக் குறைவு, மரங்கள் குறைவு, மக்கள்தொகையும் குறைவு. சுற்றிலும் உள்ள கிராமங்கள் இன்னும் உயரத்தில் இருக்கின்றன. ஹிக்கிம் கிராமத்தின் குட்டி போஸ்ட் ஆபீஸ் சுமார் 4,400 மீட்டரில் இருக்கிறது.

உள்ளே போக இரண்டு வழிகள். ஒன்று, சிம்லாவிலிருந்து கின்னௌர் மாவட்டம் வழியாக. இது 400 கி.மீ-க்கும் மேல். இன்னொன்று, மணாலியிலிருந்து குன்ஸும் கணவாய் வழியாக. இது சுமார் 200 கி.மீ. கணவாயின் உயரம் 4,500 மீட்டருக்கு மேல் என்பதால், பனிக்காலம் முழுக்க இந்த வழி மூடியிருக்கும். பெரும்பாலும் ஜூனிலிருந்து அக்டோபர் வரைதான் திறந்திருக்கும்.

மேப்பில் பார்த்தால் மணாலி வழிதான் லாபம். பாதி தூரம்தானே? நாங்களும் அப்படித்தான் நினைத்தோம்.

அங்கே லிஃப்ட் என்பது அட்வெஞ்சர் அல்ல

நம் ஊரில் "அண்ணா, பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் போறீங்களா?" என்று பைக்கை நிறுத்துவோமே, ஸ்பிட்டியில் லிஃப்டும் அப்படித்தான். உள்ளூர்க்காரர்களுக்கு அது அன்றாடப் போக்குவரத்து. பல ஊர்களுக்கு ஒரு நாளைக்கு ஒன்றிரண்டு அரசு பஸ்தான். அதைத் தவறவிட்டால் வாத்தியார், நர்ஸ், ஆஸ்பத்திரிக்குப் போகும் பாட்டி என எல்லோருமே ரோட்டோரம் நின்று கை காட்டுவார்கள்.

நிறுத்துபவர்கள் யார்? காய்கறியும் கேஸ் சிலிண்டரும் ஏற்றிவரும் பிக்-அப் வண்டிகள், ரோடு வேலைக்குப் போகும் லாரிகள், அரசு ஜீப்கள், சுற்றுலாக் கார்கள். ஸ்பிட்டியின் முக்கியப் பணப்பயிர் பச்சைப் பட்டாணி. அறுவடை நேரத்தில் மூட்டைகளோடு கீழே இறங்கும் வண்டிகள் அதிகம். கின்னௌர் பக்கம் ஆகஸ்ட் தொடங்கி அக்டோபர் வரை ஆப்பிள் சீசன்.

இங்கே முதலில் புரிந்துகொள்ள வேண்டியது, அந்த சீட் சும்மா கிடக்கும் சீட் இல்லை. உங்களுக்கு முன்னால் மூட்டையோடு ஒரு பெரியவர் நின்றுகொண்டிருந்தால், அந்த லிஃப்ட் அவருடையது. நமக்கு அது ஒரு ஸ்டோரி, அவருக்கு அது அன்றைய வேலை. நாங்கள் நின்ற இடத்தில் இரண்டு வண்டிகளை அப்படி விட்டோம். மூன்றாவது வண்டி டிரைவர் தானாகவே நிறுத்திக் கூப்பிட்டார்.

ஏறுவதற்கு முன்பே "பையா, எவ்வளவு தரணும்?" என்று கேட்டுவிடுவது நல்லது. சிலர் ஷேர் டாக்ஸி கட்டணம் கேட்பார்கள், சிலர் வேண்டாம் என்பார்கள். கேட்காமல் ஏறிவிட்டு, இறங்கும்போது "ஹிட்ச்ஹைக்கிங்னா ஃப்ரீதானே" என்று முழிப்பதுதான் பெரிய அவமரியாதை.

இன்னொன்று, மலையில் வண்டிகள் விடிகாலையில்தான் கிளம்பும். காரணம், ரோட்டின் குறுக்கே ஓடும் நாலா எனப்படும் ஓடைகள். வெயில் ஏற ஏற மேலே பனி உருகி, மதியத்துக்கு மேல் தண்ணீர் கூடிவிடும். காலையில் டயர் நனையும் அளவுக்கு ஓடிய ஓடை, மாலையில் காரை இழுக்கும். அதனால் 5 மணிக்கு ரோட்டில் நின்றால்தான் லிஃப்ட். 10 மணிக்கு மேல் ரீல்ஸ் எடுக்கலாம், அவ்வளவுதான்.

அன்று நடந்தது என்ன?

நாங்கள் மூன்று பேர். நான், மணாலி ஹாஸ்டலில் பழக்கமான மதுரைக்கார அக்கா ஒருவர், புனேவிலிருந்து வந்த ஒரு பையன். அக்காவுக்கு பெங்களூருவில் ஐ.டி. வேலை, 30 வயது, வாரத்துக்கு மூன்று நாள் ஜிம். எங்கள் மூவரில் அவர்தான் ஃபிட். மூன்று பேரும் சந்தித்து ஒன்றரை நாள்தான் ஆகியிருந்தது. பொதுவாக இருந்த ஒரே விஷயம், எல்லோருக்கும் லீவு குறைவு.

விடிகாலை 5 மணிக்கு மணாலியில் ஒரு காய்கறி பிக்-அப். அடல் டனலைத் தாண்டி, கிராம்ஃபூ வழியாக, சத்ரூ என்ற இடத்தைக் கடந்து, மதியம் பாத்தல் போய்ச் சேர்ந்தோம். பாத்தல் என்பது ஆற்றங்கரையில் சில கல் தாபாக்கள் மட்டும் உள்ள ஓர் இடம். அங்கே ராஜ்மா சாவல் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, பக்கத்து டேபிளில் இருந்த இருவர் "நாங்க சந்திரதால் போறோம், பின் சீட் காலிதான், வர்றீங்களா?" என்று கேட்டார்கள்.

பிளானில் அன்று சந்திரதால் இல்லை. பிக்-அப் காஸாவுக்குப் போகிறது, நாங்களும் அதிலேயே போவதாக இருந்தோம். ஆனால், இலவச சீட். அதுவும் ஏரி வரைக்கும். மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம், பத்து விநாடியில் முடிவு எடுத்தாயிற்று. பிக்-அப் டிரைவர் மட்டும், "இன்னிக்குத்தானே மணாலியிலிருந்து வந்தீங்க?" என்று இந்தியில் ஒரு முறை கேட்டார். நாங்கள் சிரித்துக்கொண்டே பையை இறக்கினோம்.

அக்காவுக்கு அப்போதே லேசாகத் தலை வலித்திருக்கிறது. அவர் சொல்லவில்லை. ஏன் என்று பின்னாடி கேட்டேன். "நீங்க ரெண்டு பேரும் அவ்ளோ சந்தோஷமா இருந்தீங்க. என்னால டிரிப் கெட வேணாம்னு நினைச்சேன்" என்றார்.

ஏரியைப் பார்த்தோம். அழகு பற்றிச் சொல்லத் தேவையில்லை, நீங்களே ஆயிரம் போட்டோ பார்த்திருப்பீர்கள். கரையில் டென்ட் போட அனுமதி இல்லை. 2005-ல் ராம்சர் பட்டியலில் சேர்ந்த ஈரநிலம் அது. சில கி.மீ. தள்ளித்தான் கேம்ப்கள். காரில் வந்தவர்கள் படம் எடுத்துவிட்டு, இருட்டுவதற்குள் பாத்தலுக்குத் திரும்பினார்கள். நாங்கள் கையசைத்து அனுப்பிவைத்தோம்.

இரவு 8 மணிக்கு அக்கா சாப்பாடு வேண்டாம் என்றார். 10 மணிக்குத் தலைவலி மாத்திரை. 12 மணிக்கு வாந்தி. 2 மணிக்குத் தள்ளாட்டம்.

உடம்புக்குள் என்ன நடக்கிறது?

மேலே போனால் காற்றில் ஆக்சிஜன் "குறைந்துவிடும்" என்பார்கள். உண்மையில் எங்கே போனாலும் காற்றில் ஆக்சிஜனின் பங்கு சுமார் 21 சதவீதம்தான். குறைவது காற்றழுத்தம். காஸா உயரத்தில் அது கடல் மட்டத்தில் இருப்பதில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு. அதனால் ஒவ்வொரு மூச்சிலும் உள்ளே போகும் ஆக்சிஜன் குறைகிறது. இதைச் சமாளிக்க உடம்பு வேகமாக மூச்சுவிடும், சிறுநீர் அதிகம் கழிக்கும், நாளாக நாளாக சிவப்பணுக்களைக் கூட்டும். இதற்கெல்லாம் நாட்கள் வேண்டும்.

அந்த நாட்களைக் கொடுக்காமல் ஏறினால் வருவதுதான் உயர நோய். தலைவலி, குமட்டல், சோர்வு, தலைசுற்றல், தூக்கமின்மை. இது முற்றினால் இரண்டு ஆபத்துகள். ஒன்று, மூளை வீக்கம்: நடை தள்ளாடும், பேச்சு குழறும், குழப்பம் வரும். இன்னொன்று, நுரையீரலில் நீர் கோப்பது: சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கும், இருமல் நிற்காது. இரண்டுமே உயிரை எடுக்கக்கூடியவை.

ஃபிட்னஸ் இதற்குக் கவசம் இல்லை. மாரத்தான் ஓடுபவருக்கும் வரும், பக்கத்தில் சிகரெட் பிடித்துக்கொண்டிருப்பவர் ஜாலியாக இருப்பார். முந்தைய அனுபவம், ஏறும் வேகம், உடல்வாகு இவைதான் பெரும்பாலும் தீர்மானிக்கின்றன.

லிஃப்டில் போகிறவர்கள் மனப்பாடம் செய்ய வேண்டிய விஷயம் இதுதான்: உயர நோயின் அறிகுறிகள் மேலே போனவுடனே தெரியாது. பெரும்பாலும் 6 முதல் 12 மணி நேரம் கழித்துத்தான் தொடங்கும். அதாவது, போய் இறங்கியதும் "எனக்கு ஒண்ணும் ஆகலையே" என்று தோன்றும். தலைவலி ஆரம்பிக்கும்போது, உங்களை ஏற்றிவந்த வண்டி போயிருக்கும்.

சொந்த வண்டியிலோ வாடகை டாக்ஸியிலோ வருபவருக்கு இறங்குவதற்கு ஒரு வழி எப்போதும் வாசலிலேயே நிற்கிறது. லிஃப்டில் வருபவருக்கு அது இல்லை. இலவசம் என்று நாம் மிச்சம் பிடிக்கும் காசு, உண்மையில் இறங்குவதற்கான டிக்கெட்.

எந்த வழி நல்லது?

உயரப் பயணத்துக்கு மருத்துவர்கள் சொல்லும் பொது விதி எளிமையானது. 3,000 மீட்டரைத் தாண்டிய பிறகு, தூங்கும் இடத்தின் உயரத்தை ஓர் இரவுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டாதீர்கள். மூன்று நான்கு நாளுக்கு ஒரு முறை ஒரே இடத்தில் தங்குங்கள். கணக்கில் வருவது பகலில் தொட்ட உயரம் அல்ல, இரவு தூங்கும் உயரம். பகலில் மேலே போய்ச் சுற்றிவிட்டுக் கீழே வந்து தூங்குவது உடம்புக்கு நல்ல பழக்கம்.

இப்போது நாங்கள் செய்ததைப் பாருங்கள். முதல் நாள் இரவு மணாலி, சுமார் 2,000 மீட்டர். மறுநாள் இரவு சந்திரதால், சுமார் 4,300 மீட்டர். 24 மணி நேரத்துக்குள் 2,300 மீட்டர். 2020 அக்டோபரில் திறந்த 9 கி.மீ. நீள அடல் டனல், ரோதாங் கணவாயைச் சுற்றும் நேரத்தை மிச்சப்படுத்தியிருக்கிறது. ரோடு வேகமாகிவிட்டது, நுரையீரல் பழைய வேகத்தில்தான் இருக்கிறது.

சிம்லா வழியைப் பாருங்கள். சிம்லா சுமார் 2,200 மீட்டர். அங்கிருந்து கல்பா, சுமார் 2,950. பிறகு தாபோ, சுமார் 3,280. பிறகு காஸா, 3,650. படிக்கட்டு மாதிரி. இடையில் நாக்கோ கிராமம் தாபோவைவிட உயரம் என்பதால், அங்கே நின்று பார்த்துவிட்டு தாபோவில் போய்த் தூங்குவது புத்திசாலித்தனம். காஸாவில் இரண்டு நாள் இருந்து, பகலில் லாங்ஸா, ஹிக்கிம் என்று 4,400 மீட்டர் வரை போய்வந்துவிட்டு, கடைசியாக குன்ஸும் தாண்டி மணாலி பக்கம் இறங்கலாம். சந்திரதால் அப்போது வழியிலேயே வரும்.

நீளமான வழிதான். மூன்று நான்கு நாள் கூடுதலாக ஆகும். அந்த லீவு இல்லையென்றால், அந்த வருடம் ஸ்பிட்டி வேண்டாம். ஹிமாச்சலில் 2,500 மீட்டருக்குக் கீழே எவ்வளவோ ஊர்கள் இருக்கின்றன.

டயமாக்ஸ் என்று பரவலாக அழைக்கப்படும் அசிட்டசோலமைடு மாத்திரை பற்றி எல்லோரும் பேசுவார்கள். உடம்பு பழகுவதை அது வேகப்படுத்தும் என்பது உண்மை. ஆனால், சல்ஃபா மருந்து ஒவ்வாமை உள்ளவர்கள் கவனமாக இருக்க வேண்டும், சிறுநீரகப் பிரச்சினை உள்ளவர்களும்தான். ஊரிலேயே டாக்டரைப் பார்த்துக் கேட்டுவிட்டுப் போங்கள். ஹாஸ்டலில் பக்கத்து பெட் ஆள் தரும் மாத்திரை மருத்துவ ஆலோசனை ஆகாது. சாதாரண வலி மாத்திரை தலைவலியைக் குறைக்கும், நோயை அல்ல. அறிகுறியை மறைத்துவிட்டு மேலே ஏறுவதுதான் ஆபத்து.

சரி, அந்த இரவு?

கேம்ப்பை நடத்தும் அண்ணனை எழுப்பினேன். வந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "எந்தப் பக்கத்திலிருந்து வந்தீங்க, எப்போ?" பதிலைக் கேட்டதும் டென்ட்டுக்கு வெளியே தரையில் ஒரு கயிற்றை நேராகப் போட்டார். ஒரு காலின் குதிகால் அடுத்த காலின் விரலைத் தொடும்படி அதன் மேல் நடக்கச் சொன்னார். அக்காவால் ஐந்து அடி வைக்க முடியவில்லை.

"காலைல பார்ப்போம்னு சொல்லாதீங்க. வெளிச்சம் வர்றதுக்குள்ள இறங்கணும்" என்றார்.

எந்தப் பக்கம்? என் மண்டையில் காஸாதான் ஓடியது, ஆஸ்பத்திரி அங்கேதான் என்று. அவர் தலையாட்டினார். காஸாவுக்குப் போக வேண்டுமென்றால் முதலில் குன்ஸும் கணவாய் ஏற வேண்டும். இருப்பதைவிட 200 மீட்டருக்கும் மேல் உயரம். ஏற்கெனவே உயரத்தால் படுத்திருப்பவரை இன்னும் மேலே ஏற்றக் கூடாது. எனவே வந்த வழியே, மணாலி பக்கம். மேப்பில் தூரத்தை மட்டும் பார்த்திருந்தால் நான் தப்பான பக்கம் கூட்டிப்போயிருப்பேன்.

புனே பையன் வரவில்லை. "ஒரு மாத்திரை போட்டுத் தூங்கினா சரியாயிடும், நீங்க ஓவரா பயப்படுறீங்க" என்றான். அவனுக்கு மறுநாள் காஸா போய் ஆக வேண்டும். அப்போது கோபம் வந்தது. இப்போது இல்லை. ஒருவருக்கு முடியாமல் போனால் மற்றவர்கள் என்ன செய்வோம் என்று நாங்கள் பேசிக்கொண்டதே இல்லை. பேசாத ஒப்பந்தத்தை அவன் எப்படி மீற முடியும்?

4 மணிக்குக் கேம்ப்பின் ஜீப் கிளம்பியது. நல்லவேளை, குளிரில் நாலாக்களில் தண்ணீர் குறைவாக இருந்தது. பாத்தலில் இன்னும் இருட்டு. அதற்குப் பிறகு வெளிச்சம் வரும்வரை நான் அக்காவின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே வந்தேன், பதில் வருகிறதா என்று பார்க்க. சத்ரூ வந்தபோது உயரம் கிட்டத்தட்ட 1,000 மீட்டர் குறைந்திருந்தது. ஜன்னலில் சாய்ந்திருந்த அக்கா கண்ணைத் திறந்து, "டீ கிடைக்குமா?" என்றார்.

பெயர்தான் சத்ரூ. அன்று எங்களுக்கு அதைவிட நல்ல நண்பன் இல்லை.

மணாலியில் டாக்டர் பார்த்தார், ஆக்சிஜன் வைத்தார், ஒரு நாள் கழித்து அக்கா ஊருக்கு ஃபிளைட் ஏறினார். ஜீப்புக்கு நாங்கள் கொடுத்தது, லிஃப்ட் கேட்டு மிச்சம் பிடித்த மொத்தக் காசைப் போல ஆறு மடங்கு. அந்த அண்ணன் கேட்டது நியாயமான தொகைதான்.

எங்களுக்குக் கிடைத்தது நல்ல வானிலை. எல்லோருக்கும் அப்படி அமையாது. 2023 ஜூலையில் திடீர் பனியாலும் நிலச்சரிவாலும் ரோடு மூடி, சந்திரதால் கேம்ப்களில் கிட்டத்தட்ட 300 சுற்றுலாப் பயணிகள் பல நாட்கள் மாட்டிக்கொண்டார்கள். உடம்பு முடியாத சிலரை ஹெலிகாப்டரில் கொண்டுவர வேண்டியிருந்தது. அந்த மாதிரி ஒரு நாளில், ஜீப் இருந்தாலும் இறங்க முடியாது.

கூட வருகிறவர்களிடம் என்ன பேச வேண்டும்?

ரோட்டில் கிடைக்கும் நட்பு உண்மையானது. ஆனால் அது புதியது. கிளம்பும்முன் டீக்கடையில் பத்து நிமிடம் உட்கார்ந்து மூன்று விஷயங்களைப் பேசிவிடுங்கள்.

ஒன்று, தலைவலி வந்தால் சொல்வது கட்டாயம். "யாருக்கு எப்படி இருக்கு?" என்று காலையும் மாலையும் ஒருவர் கேட்க வேண்டும். டிரிப்பைக் கெடுக்கக் கூடாது என்று மறைப்பவர்தான் டிரிப்பை ஆபத்தில் தள்ளுகிறார்.

இரண்டு, ஒருவருக்கு முடியவில்லை என்றால் யார் கூட இறங்குவது? உயர நோய் உள்ளவரைத் தனியாக விடவோ தனியாக அனுப்பவோ கூடாது. இதற்கு முன்கூட்டியே "நான்" என்று ஒருவர் சொல்லியிருக்க வேண்டும்.

மூன்று, அன்று இரவு எங்கே தூங்குவது என்பதைக் காலையிலேயே முடிவு செய்துவிடுங்கள். அதைவிட மேலே போகும் லிஃப்ட் எவ்வளவு ஆசை காட்டினாலும் வேண்டாம். கீழே போகும் லிஃப்டுக்கு இந்த விதி பொருந்தாது.

சட்டமும் இன்ஷூரன்ஸும் என்ன சொல்கின்றன?

இதை ரீல்ஸில் யாரும் சொல்வதில்லை. வெள்ளை நம்பர் பிளேட் உள்ள சொந்த வண்டியில் காசு வாங்கிக்கொண்டு ஆள் ஏற்றுவது மோட்டார் வாகனச் சட்டப்படி தவறு. 2018-ல் நவி மும்பையில், மழையில் நின்றவர்களுக்கு லிஃப்ட் கொடுத்த ஒருவருக்கே அபராதம் விழுந்து பெரிய செய்தியானது. மாட்டுவது ஓட்டுநர்தான். காசு கொடுப்பதென்றால் மஞ்சள் போர்டு வண்டியில் போவது அவருக்கும் பாதுகாப்பு.

சரக்கு வண்டி விஷயம் இன்னும் சீரியஸ். பிக்-அப், லாரி போன்றவற்றில் சும்மா லிஃப்டில் வந்த பயணிக்கு விபத்து நடந்தால், வண்டியின் இன்ஷூரன்ஸ் நிறுவனம் சட்டப்படி பொறுப்பேற்க வேண்டியதில்லை என்று 2002-ல் ஆஷா ராணி வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சொந்தக் காரிலும், சட்டப்படி கட்டாயமான மூன்றாம் தரப்பு பாலிசி மட்டும் இருந்தால், உள்ளே இருக்கும் இலவசப் பயணிக்குக் காப்பீடு கிடைப்பது சிக்கல்தான். முழு பாலிசி இருந்தால் நிலைமை மாறும். ஆனால், லிஃப்ட் கேட்கும்போது பாலிசியைக் காட்டச் சொல்லவா முடியும்? அதனால் உங்கள் பெயரில் தனியாக விபத்துக் காப்பீடும், பயணக் காப்பீடும் எடுங்கள். எத்தனை மீட்டர் உயரம் வரை கவர் ஆகும், மீட்புச் செலவு உண்டா என்ற வரிகளைப் படித்துவிட்டு எடுங்கள்.

பெண்கள் போகலாமா?

நான் போனேன். தனியாகவும் சில லிஃப்ட் வாங்கினேன். ஆனால் எனக்கு நானே வைத்த விதிகள் இருந்தன. ஏறும்முன் நம்பர் பிளேட்டை டிரைவர் பார்க்கவே போட்டோ எடுப்பேன், சிக்னல் இருந்தால் அவர் முன்னாலேயே வீட்டுக்கு அனுப்புவேன். நல்ல மனிதர் யாரும் அதற்குக் கோபப்பட்டதில்லை. குடும்பமோ, உள்ளூர்ப் பெண்களோ உள்ள வண்டிக்கு முன்னுரிமை. பை என் மடியில், போனும் காசும் என் உடம்பில். மாலை 3 மணிக்கு மேல் புது லிஃப்ட் இல்லை. குடித்திருக்கும் வாடை வந்தால், எந்த ஊராக இருந்தாலும் இறங்கிவிடுவேன். "எனக்கு வாந்தி வருது" என்று சொன்னால் எந்த டிரைவரும் உடனே நிறுத்துவார். இது அனுபவ உண்மை.

கிளம்பும்முன் ஒரு பார்வை

• இறங்குவதற்கான காசு தனியாக: ஒரு ஜீப்பை முழுசாக வாடகைக்கு எடுக்கும் அளவுக்கு ரொக்கம். இதைத் தொடவே கூடாது.

• இரண்டு நாள் கூடுதல் லீவு: ரோடு மூடினாலும், உடம்பு மக்கர் செய்தாலும் அவசரப்படாமல் இருக்க.

• ஆஃப்லைன் மேப்: தூரம் மட்டுமல்ல, ஊர்களின் உயரத்தையும் ஒரு தாளில் எழுதிவையுங்கள். "இங்கிருந்து எந்தப் பக்கம் போனால் உயரம் குறையும்?" என்ற கேள்விக்கு எப்போதும் பதில் தெரிந்திருக்க வேண்டும்.

• அவசர எண்கள்: 112, ஆம்புலன்ஸுக்கு 108. சிக்னல் இல்லாத இடங்கள் நிறைய. எனவே இரவு எங்கே தங்குவோம் என்று காலையிலேயே வீட்டுக்குச் சொல்லிவிடுங்கள்.

• மேலே போன முதல் நாட்களில் மது, தூக்க மாத்திரை இரண்டும் வேண்டாம்.

• தலைவலியோடு மேலே ஏறாதீர்கள். தள்ளாட்டமோ, உட்கார்ந்த இடத்திலேயே மூச்சுவாங்கலோ வந்தால் இரவு பகல் பார்க்காமல் இறங்குங்கள்.

மறுபடியும் ஒரு லிஃப்ட்

அடுத்த வருடம் அக்காவே போன் செய்தார். "சிம்லா சைடுல போவோமா? பத்து நாள் லீவு போட்டுட்டேன், நீயும் போடு."

கல்பாவில் இரண்டு இரவு இருந்துவிட்டு, ரெக்காங் பியோவில் விடிகாலை ரோட்டோரம் நின்றோம். முக்கால் மணி நேரம் கழித்து ஒரு டாக்ஸி நின்றது. டூரிஸ்ட்டுகளை இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்புகிற வண்டி. "காஸா வரைக்கும் நேரா போறேன். சாயங்காலம் அங்க இருக்கலாம்" என்றார் டிரைவர். பின்னால் கால் நீட்டிப் படுக்கும் அளவுக்கு இடம் இருந்தது. ஹீட்டரும் ஓடியது. மறுநாள் இப்படி ஒரு வண்டி கிடைக்கும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை.

நான் அக்காவைப் பார்த்தேன். அவர் ஏறி உட்கார்ந்து, கதவைச் சாத்திவிட்டு, முன்னால் குனிந்து சொன்னார்:

"பையா, நாங்க தாபோலயே இறங்கிக்கிறோம்."